ஊதினால் சைபர், கண் மட்டும் சிவப்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியின் முதலுதவி அறையில் நான் நர்சாக இருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டேன். என் நாற்காலியில் இப்போது கலைவாணி என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் போன வாரம் போன் செய்தாள். கம்பெனியில் ‘செல்போன் நலவாரம்’ கொண்டாடப் போகிறார்களாம். சில ஆப்களைத் திறந்தால் கீழே வைக்க மனசு வருவதில்லை, சிலவற்றைத் திறந்த கையோடு மூடிவிடுகிறோம், இது ஏன் என்று ஒரு பக்கத்துக்கு நான் எழுதித் தர வேண்டுமாம். “அந்த விசயத்துல நீங்கதான் எக்ஸ்பர்ட்டுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க சிஸ்டர்” என்றாள்.

ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து என்னை வழியனுப்பியவர்களுக்கு இப்போதுதான் நான் எக்ஸ்பர்ட் என்பது தெரிந்திருக்கிறது. கடிகாரம் முதல் மழைக்கே நின்றுவிட்டது. நலவாரம் என்றால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ‘நன்றாகத் தூங்குங்கள்’ என்று ஒரு பேனர் கட்டுவார்கள். அதைக் கட்டுகிற ஆளே டபுள் ஷிப்டில் இருப்பான். ஒரு பக்கத்தில் அடங்காது என்று கலைவாணியிடம் சொன்னேன். பேனருக்கு ஆகாத அந்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நர்சிங் படித்த கதையை நீட்டப் போவதில்லை. கவரைப்பேட்டைப் பக்கம் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் அறுப்புக்குப் போனவர்கள். படித்தால் வெள்ளை உடுப்புப் போடலாம் என்று சர்ச்சில் ஒரு மதர் சொன்னார். படித்தேன், போட்டேன். திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் சில வருஷம் இருந்தேன். அங்கே வலி வந்தவர்கள் கத்துவார்கள். பிறகு கம்பெனிக்கு வந்தேன். இங்கே அடிபட்டவர்கள் பேசாமல் இருப்பார்கள், மேனேஜர்கள் கத்துவார்கள். பழகிக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது.

என் முக்கியமான வேலை கட்டுப் போடுவது இல்லை. ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் கிரேன் ஓட்டுகிறவர், ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர், உலைப் பக்கம் நிற்கிறவர் எல்லோரும் என் அறைக்கு வர வேண்டும். முதலில் மெஷினில் ஊத வேண்டும். சைபர் வந்தால் உட்கார வைத்து பிரஷர் பார்ப்பேன். பிறகு கண்ணை மூடி, கையை நீட்டி, சுட்டுவிரலால் மூக்கு நுனியைத் தொடச் சொல்வேன். கடைசியாகத் தரையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் டேப்பின் மேல் அடி மேல் அடி வைத்து நடக்கச் சொல்வேன். நான்கும் சரியாக இருந்தால் ‘ஃபிட்’ என்று சீட்டு. அந்தச் சீட்டைக் காட்டினால்தான் ஷிப்ட் இன்சார்ஜ் கிரேன் சாவியைக் கையில் கொடுப்பார். சரியில்லை என்றால் ‘அன்ஃபிட்’. அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் காலத்தில் அன்ஃபிட் என்றால் ஒரே அர்த்தம்தான், குடி. காய்ச்சலில் ஒருவனைத் திருப்பி அனுப்பினால்கூட அவன் கேட்டைத் தாண்டுவதற்குள், “நேத்து மப்பு எறங்கலபோல” என்று டீக்கடை வரைக்கும் பேச்சு போய்விடும். ஊதுகிற மெஷினை ஏமாற்ற அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிராம்பு மென்றார்கள், கொய்யா இலை மென்றார்கள், பச்சை வெங்காயம் தின்று என் முகத்துக்கு நேரே ஊதினார்கள். மெஷின் ஏமாறவில்லை. வெங்காய வாசனையில் நான்தான் மத்தியானம் வரை நாஷ்டா சாப்பிட முடியாமல் இருந்தேன்.

எனக்கு மேலே டாக்டர் சந்தானம். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்று, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கம்பெனிக்கு வருவார். வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொள்வார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார். செருப்பு மாறிப் போட்டிருக்கிறானா, ஷூ கயிறு கட்டியிருக்கிறானா, கால் ஆட்டுகிறானா என்று பார்ப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. குரலுக்கு வேலை வைக்காமல் வார்த்தையாலேயே தோலை உரிப்பார். ஒருமுறை புரொடக்‌ஷன் மேனேஜர் உள்ளே வந்து, இந்த ஆளுக்குச் சீட்டு கொடுங்கள், லாரி நிற்கிறது என்று குதித்தார். டாக்டர் அவரை அப்படியே நாற்காலியில் உட்கார வைத்து, பிரஷர் பார்த்து, “உங்களுக்குத்தான் முதல்ல லீவு தேவை” என்று அன்ஃபிட் சீட்டு எழுதி நீட்டினார்.

அவர் எனக்குப் போட்ட ஒரே சட்டம், ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்காதே என்பதுதான். குடித்தாயா என்று கேட்டால் இல்லை என்பான், தூங்கினாயா என்று கேட்டால் ஆமாம் என்பான், இரண்டுமே உனக்கு உதவாது என்பார். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், யார் பரிமாறினார்கள், பிறகு என்ன செய்தாய் என்று கேட்கச் சொல்வார். பொய் சொல்கிறவனுக்குக் குழம்பு ஞாபகம் வராது என்பது அவர் கண்டுபிடிப்பு.

பிறகு எல்லார் கைக்கும் தேய்க்கிற போன் வந்தது. என் அறையில் விசித்திரமான கூட்டம் ஒன்று சேர ஆரம்பித்தது. ஊதினால் சைபர். பிரஷர் சரி. டேப் மேல் நடை கொஞ்சம் தள்ளாட்டம். கண் மட்டும் மிளகாய்ப் பழம். நான் கண் நோய் பரவுகிறது என்று நினைத்து சொட்டு மருந்தாக ஊற்றித் தீர்த்தேன். நல்ல பையன்கள், டீயைத் தவிர எதையும் தொடாதவர்கள், ஃபோர்க்லிப்டைக் கொண்டுபோய்ச் சுவரில் முத்தமிட வைத்தார்கள்.

டாக்டரின் சட்டப்படி நானும் கேட்டுப் பார்த்தேன். சாப்பாடு, பரிமாறினது எல்லாவற்றுக்கும் பதில் சரியாக வந்தது. பிறகு என்ன செய்தாய் என்றால், போன் பார்த்தேன் என்றார்கள். சரி, கடைசியாக என்ன பார்த்தாய் என்று ஒருநாள் சும்மா கேட்டு வைத்தேன். அந்தக் கேள்விக்குத்தான் ஆட்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

சிலர் பட்டென்று சொன்னார்கள். மச்சான் அனுப்பின மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை, சீட்டுக்காரம்மா குரல் பதிவில் போட்ட சத்தம், தெருக் குழுவில் தண்ணி லாரி எப்போது வரும் என்ற சண்டை. இவர்கள் எல்லாம் பச்சைக் கலர் ஆப்காரர்கள். இவர்கள் கண் வெள்ளையாக இருந்தது. இன்னும் சிலர் நான் கேட்டதும் கூரையைப் பார்த்தார்கள். “இன்னாமோ ஒண்ணு ஓடினே இருந்திச்சி சிஸ்டர்” என்றார்கள். ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கிறார்கள், அதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. குட்டிக் குட்டி வீடியோ வருகிற ஆப்காரர்கள் இவர்கள்தான். கண் சிவப்பு மொத்தமும் இவர்களுடையது. டாக்டரிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “குடிகாரனுக்கும் முதல் கிளாஸ்தான் ஞாபகம் இருக்கும்” என்றார். அன்றிலிருந்து ஊதல், பிரஷர், மூக்கு, டேப் இந்த நான்கோடு ஐந்தாவது சோதனையாக என் கேள்வியும் சேர்ந்தது.

கலைவாணி கேட்ட விசயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், என் வீட்டுக்காரரைப் பார்த்தாலே போதும். பச்சை ஆப்பில் அவர் குடும்பக் குழு ஒன்று இருக்கிறது. காலையில் பெரியப்பா ரோஜாப் பூ படம் போடுவார், சித்தப்பா அதே பூவுக்கு விளக்கு ஏற்றிப் போடுவார், அத்தை இரண்டு பேருக்கும் கும்பிடு போடுவார். படித்தால் பதில் போட வேண்டும், போடாவிட்டால் கல்யாணத்தில் முகம் திருப்புவார்கள். பதில் போடுவது என்பது வேலை, வேலைக்கு யார் அடிமையாவார்கள்? போட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் தப்பித்தோம் என்று போனைக் கவிழ்த்து வைப்பார். வயசானவர்கள் இருக்கிற நீலக் கலர் ஆப்பும் அப்படித்தான். பிறந்தநாள், கருமாதி, பக்கத்து வீட்டுப் பையன் வாங்கின காரின் முன்னால் நிற்கிற படம், அவ்வளவுதான் சரக்கு. டை கட்டினவர்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிற உத்தியோக ஆப் ஒன்று உண்டு. அதற்கு அடிமையானவரை நான் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன், அவர் எங்கள் எச்.ஆர். மேனேஜர். குட்டி வீடியோ மட்டும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. பதில் போடு என்று சொல்வதில்லை, முடிந்தது என்றும் சொல்வதில்லை. அடுத்தது நன்றாக இருக்குமோ என்ற ஆசையிலேயே ரம்மி ஆடுகிறவன் மாதிரி விரல் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த எச்.ஆர். மேனேஜரின் பெயரைக் கிஷோர் என்று வைத்துக்கொள்வோம். கெட்டவர் இல்லை. நல்லது செய்ய வேண்டும் என்ற வெறி பிடித்தவர், அது அதைவிடப் பேஜாரு. அவர் கம்பெனிக்கென்று ‘நம்ம குடும்பம்’ என்று ஓர் ஆப் கொண்டுவந்தார். அதில் கேண்டீன் மெனு, லீவு நாள், பாதுகாப்பு வாசகம் மூன்றும் இருக்கும். பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. சாம்பார் சாதமா, புளி சாதமா என்று தெரிந்துகொண்டு எல்லாரும் மூடிவிடுவார்கள். என் முப்பது சொச்ச வருஷ சர்வீசில் இதைவிட ஆரோக்கியமான ஆப்பை நான் பார்த்ததில்லை.

கிஷோர் சாருக்கு இதுதான் குறை. ஆட்கள் ஏன் உள்ளேயே இருப்பதில்லை, ஏன் உடனே வெளியே போய்விடுகிறார்கள் என்று சென்னையிலிருந்து ஆலோசகர்களைக் கூட்டி வந்து கேட்டார். அவர்கள் பார்த்துவிட்டு, இதில் ஒரு முடிவு இருக்கிறது, அதுதான் கோளாறு என்றார்களாம். அந்த முடிவைத் தூக்கிவிட்டார்கள். மெனுவுக்குக் கீழே வீடியோ ஓட ஆரம்பித்தது. கூட வேலை செய்கிறவர்கள் ஆடுகிறது, பாடுகிறது, கேண்டீன் மாஸ்டர் பரோட்டா வீசுகிறது, ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. தினமும் பார்த்தால் ஒரு நட்சத்திரம், ஒருநாள் விட்டால் சேர்த்த நட்சத்திரம் எல்லாம் போய்விடும். எந்த செக்‌ஷன் எத்தனை நட்சத்திரம் என்று கேண்டீன் டிவியில் ஓடும். குறைந்தால் சூப்பர்வைசர் வந்து முறைப்பார். இன்னொரு கூத்தும் நடந்தது. அதுவரைக்கும் எல்லாரும் போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். இப்போது வருகைப் பதிவே இந்த ஆப்பில்தான் என்று ஆனதால் போன் உள்ளே வந்துவிட்டது. வெளியில் இருக்கிற ஆப்களில் முடிவில்லாத ஓட்டம் இருக்கும், தெரிந்த முகம் இருக்காது. பச்சை ஆப்பில் தெரிந்த முகம் இருக்கும், ஓட்டம் இருக்காது. இவர்கள் இரண்டையும் ஒரே குக்கரில் போட்டு விசில் விட்டார்கள்.

இப்போது ஏழுமலை. காயில் குடோனில் கிரேன் ஓட்டுகிறவர். காயில் என்றால் சுருட்டின இரும்புத் தகடு. ஒன்று விழுந்தால் கீழே நிற்கிறவனைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஏழுமலை கை அவ்வளவு பக்குவம், லாரி மேல் காயிலை வைத்தால் சத்தம் கேட்காது. குடிக்க மாட்டார். அதை வைத்துத்தான் அவருக்குப் பெண்ணே கொடுத்தார்கள். அவர் மாமனார் ஆரம்பாக்கத்துக்காரர், மூத்த மகனைக் குடிக்குக் கொடுத்தவர். ஒரு சொட்டு தொட்டான் என்று காதில் விழுந்தால் மகளை அன்றைக்கே கூட்டிப் போய்விடுவேன் என்று சபையில் சொல்லிவிட்டுத்தான் தாலியை எடுத்துக் கொடுத்தார். ஏழுமலை இதை என்னிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறை ஊதிவிட்டும் மெஷினைத் திருப்பிப் பார்ப்பார், பரீட்சை மார்க் பார்க்கிற மாதிரி.

ஒருநாள் மதிய ஷிப்டுக்கு வந்தார். சைபர். பிரஷர் கொஞ்சம் தூக்கல். விரல் மூக்குக்குப் போகாமல் கன்னத்துக்குப் போனது. டேப் மேல் மூன்றாவது அடியிலேயே கால் வெளியே போய்விட்டது. கண்ணைப் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியாக என்ன பார்த்தாய் என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார்.

“தெர்ல சிஸ்டர். நம்ம ஆப்தான். மூணு நாளா தூக்கமே இல்ல” என்றார்.

“வைக்க வேண்டியதுதானேபா?”

தனக்குத் தெரிந்த வழியில் சொன்னார். “கொக்கி மேல போவுதுன்னு வெச்சிக்கோங்க. நான் பட்டன்ல கைய வெச்சிக்கினே இருந்தாலும் உச்சிக்குப் போனா லிமிட் சுவிட்ச் தட்டி அதுவா நின்னுரும். அது இல்லன்னா ரோப்பு அறுந்து கொக்கி கீழ வந்துரும். பழைய ஆப்ல அந்த சுவிட்ச் இருந்திச்சி சிஸ்டர். மெனுவ பாத்தா முடிஞ்சிது. இதுல புடுங்கிட்டானுங்க. நிக்கவே மாட்டேங்குது.”

அந்தக் கையை நம்பி அவருடைய கொக்கிக்குக் கீழே ஆட்கள் நிற்பார்கள். நான் அன்ஃபிட் சீட்டை எடுத்தேன்.

அந்தச் சீட்டில் காரணம் என்று கட்டங்கள் உண்டு. மது, காய்ச்சல், ரத்த அழுத்தம், காயம். கடைசியில் ‘வேறு’ என்று ஒரு கோடு. அதில் நான் அதுவரைக்கும் எதுவும் எழுதியதில்லை. பேனாவை எடுப்பதற்குள் கிஷோர் சார் வந்துவிட்டார். குடோனில் அந்த ஷிப்டுக்கு வேறு கிரேன்காரர் இல்லை, லாரிகள் வரிசையில் நிற்கின்றன, அதனால் செய்தி அவருக்குப் பறந்திருக்கிறது. நான் நடந்ததைச் சொன்னேன். கம்பெனி ஆப் என்ற இடம் வந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஏழுமலையை வெளியே நிற்கச் சொன்னார். கதவு பாதிதான் சாத்தியிருந்தது.

“சிஸ்டர், ஒரு சின்ன கரெக்‌ஷன்தான்” என்றார். “மதுங்கிற கட்டத்துல டிக் பண்ணிடுங்க. முதல் தடவைன்னா ஒரு வார்னிங்கோட முடிஞ்சிடும். நீங்க ஆப்னு எழுதினா அது ஹெட் ஆபீஸ் வரைக்கும் போகும். அப்புறம் அவர் வேலைக்கு நான் பொறுப்பு இல்ல. அவருக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

மெஷின் சைபர் காட்டுகிறது சார் என்றேன். மெஷின் எப்போதும் சரியாகவே காட்டும் என்று சொல்ல முடியாதே என்றார். நட்சத்திரம் எண்ணுகிற மெஷின் மட்டும் தப்பே செய்யாது என்று நம்புகிறவர் அவர். குடித்தவன் என்றால் தப்பு அவனுடையது, ஊருக்கும் பழக்கமான தப்பு, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தூங்காதவன் என்றால் ஏன் தூங்கவில்லை என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். அவருக்கு அதுதான் பயம்.

பாதி சாத்தின கதவைத் தள்ளிக்கொண்டு ஏழுமலை உள்ளே வந்தார். கிஷோர் சாரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

“அந்த ஒரு வார்த்தைய மட்டும் எழுதாதீங்க சிஸ்டர். வேலை போனா வேற வேலை. குடிக்காதவன்ற பேரு போனா எனக்கு ஊடே இல்ல.”

நான் ‘வேறு’ என்ற கோட்டின் மேல், தூக்கமில்லை, கம்பெனி ஆப் பார்த்ததால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீரத்தில் எழுதவில்லை. எழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை. கிஷோர் சார் உடனே டாக்டருக்குப் போன் போட்டார். நர்ஸ் என்னென்னவோ எழுதுகிறார், நீங்கள் மாற்றச் சொல்லுங்கள் என்று போனை என் கையில் கொடுத்தார்.

டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “எழுதினதை நீ பார்த்தியா, இல்ல யாராவது சொல்லி எழுதினியா?”

“பார்த்துத்தான் எழுதினேன் டாக்டர்.”

“அப்போ நான் எதுக்கு?” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் வருகிற நாள் இல்லை. வந்தார். காலை ஷிப்டுக்கு முன்னால் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தரையும் உட்கார வைத்தார், காலைப் பார்த்தார், பிறகு என் கேள்வியையே கேட்டார். ஏழுமலைக்கு நடந்தது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. கூரையைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் டாக்டர் பொறுமையாக அன்ஃபிட் எழுதினார், எல்லாவற்றிலும் ஒரே காரணம். கிரேன் ஓட்ட ஆள் இல்லை, ஃபோர்க்லிப்ட் ஓட்ட ஆள் இல்லை. லாரி டிரைவர்கள் அடுப்புப் பற்றவைத்துச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். தொழிலாளியின் கண் சிவந்தபோது அசையாத ஹெட் ஆபீஸ், லாரி நின்றதும் அசைந்தது. மத்தியானத்துக்குள் வீடியோ போயிற்று, நட்சத்திரம் போயிற்று, போன் பழையபடி கேட்டுக்குப் போயிற்று. தொழிலாளர் நலன் கருதி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். கிஷோர் சார் இதையே உத்தியோக ஆப்பில் நீளமாக எழுதினாராம், தன் முயற்சியில் ஒரு தொழிற்சாலை எப்படி விழித்துக்கொண்டது என்று. அங்கே இருந்த டை கட்டினவர்கள் எல்லாரும் கைதட்டினார்களாம்.

ஏழுமலை இரண்டு நாள் தூங்கி எழுந்து வந்து, ஐந்து சோதனையும் தேறி, பழைய கிரேனிலேயே ஏறிவிட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். என் அறையிலிருந்து திருப்பி அனுப்பினால் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை நான் மறந்துவிட்டேன். ஏழுமலையை அன்ஃபிட் என்று அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் ஏறி ஆரம்பாக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

அவர் மனைவி சரளா கம்பெனி கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். அழவில்லை. “நைனா வந்துகீறாரு சிஸ்டர். பொட்டிய கட்டுன்றாரு. அவரு குடிக்கலன்னு நான் சொன்னா, நீ புருசன காப்பாத்தறன்றாரு. நீங்க ஒரு வாட்டி வந்து சொல்லுங்க. வெள்ளை டிரஸ்ல வாங்க, அப்பதான் நம்புவாரு.”

உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று விதி உண்டு. ஏழுமலையைக் கேட்டேன். சொல்லுங்கள் சிஸ்டர், மைக் வைத்துச் சொன்னாலும் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் யூனிபார்மை மாட்டிக்கொண்டு கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பிரசவ வார்டில்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

கூடத்தில் ஒரு பஞ்சாயத்துக்கு வேண்டிய அத்தனை பேரும் இருந்தார்கள். மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில், மாமியார் பாயில், சரளாவின் தம்பி ஜன்னலோரம், சாட்சிக்கு வந்த உறவுக்காரர்கள் இரண்டு பேர் கட்டிலில். துணிப் பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தது. சரளா அதன் பக்கத்தில் நின்றாள். ஏழுமலை சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லார் கையிலும் ஒரு போன், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. நான் வந்ததைப் பார்த்து மாமனார், “வாம்மா, குந்து” என்றார். கண் போனுக்குத் திரும்பிவிட்டது. சொல்லும்மா என்றார்.

நான் சொன்னேன். ஏழுமலை குடிக்கவில்லை. நானே ஊதச் சொன்னேன், என் கண்ணால் சைபர் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை, அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட மெஷின் வேறு எதையும் காட்டியதில்லை. குடித்தார் என்று எழுதினால் வேலைக்கு ஆபத்தில்லை என்று மேனேஜர் சொன்னபோதும், அந்த வார்த்தை வேண்டாம் என்றவர் உங்கள் மாப்பிள்ளை. இப்படி வரிசையாக, யோசித்து வந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

மாமனாரின் கட்டைவிரல் நிற்கவில்லை. “அப்ப இன்னாத்துக்கு ஊட்டுக்கு அனுப்பிச்சாங்கோ?” என்றார்.

“போன் பாத்துக்கினு தூங்காம வந்தாரு.”

“அவ்ளோதானா? போன் பாக்கறதெல்லாம் ஒரு குத்தமாம்மா, ஊரே பாக்குது” என்றார். பிறகு மகள் இருந்த பக்கமாக, தலையைத் தூக்காமலேயே, “பொட்டிய பிரிம்மா” என்றார்.

தீர்ப்பு அவ்வளவுதான். ஜன்னலோரத்துத் தம்பி எதையோ பார்த்துச் சிரித்தான், அது எங்களுக்கான சிரிப்பு இல்லை. மாமியார் தன் போனில் ஓடிய சமையலை அடுத்த சமையலுக்குத் தள்ளினார். நான் பேசியதை அந்தக் கூடத்தில் தலை நிமிர்ந்து கடைசி வார்த்தை வரை கேட்டவர் ஏழுமலை ஒருவர்தான். தான் குடிக்கவில்லை என்பதை இன்னொரு வாயால் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சரளா பெட்டியை விட்டுவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.